ஏழு மணி நடை

ஆளுக்கொரு டார்ச். செருப்பைக் கழற்ற வேண்டாம்.
தலைக்கு அறுநூறு, பிள்ளைகளுக்குப் பாதி.
பயந்தவர்களுக்குப் பணம் திரும்பாது,
பயப்படாதவர்களுக்கும்.

பள்ளத்தூரில் இருட்டிவிட்டால்
தெருவென்பது இரண்டு பக்கச் சுவர்.
வீட்டின் முன்வாசல் இந்தத் தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்,
நடுவில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு,
ஆளில்லாத அடுப்படி.
பேயை நான் கொண்டுவரவில்லை.
இடம் காலியாகக் கிடந்தது, குடிவைத்தேன்.

முதல் பேய் மலேயாக் கணக்கப்பிள்ளை.
ஊருணிப் படியில் உட்கார்ந்து
ஜப்பான்காரன் நோட்டை எண்ணிக்கொண்டிருப்பார்.
கணக்குச் சரியாகத்தான் வரும், நோட்டுத்தான் செல்லாது.
நானே எழுதியது. சிலர் கண் கலங்குவார்கள்.

இரண்டாவது, கப்பலோடு போன மாப்பிள்ளை.
ஆத்தங்குடிக் கல்லில் ஈரக் காலடி ஏழு.
அரைமணி முன்னால் பாட்டில் தண்ணீரோடு போய்
நான்தான் நடந்துவிட்டு வருவேன்.
சித்திரை மாசத்தில் காய்ந்துபோகும்,
அப்போது அவர் கரை சேர்ந்துவிட்டாரென்று சொல்லிவிடுவேன்.

மூன்றாவதுதான் சம்பளப் பேய்.
பெ.நா.சி. வீட்டு மாடி ஜன்னல்,
எட்டு நாற்பதுக்கு வெள்ளைச் சேலை.
வாட்ச்மேன் பெண்டாட்டி ராக்கு.
ஒரு நிற்புக்கு ஐம்பது ரூபாய்,
கொசு கடித்தால் பத்து சேர்த்து.

அந்த வீட்டுக்குப் பங்காளிகள் நாற்பத்தெட்டுப் பேர்.
விற்க நாற்பத்தெட்டுக் கையெழுத்து வேண்டும்.
ஒன்று சிங்கப்பூரில், இரண்டு கோர்ட்டில்,
ஒன்று எங்கே இருக்கிறதென்று மற்றதுக்குத் தெரியாது.
அதனால் வீடு நிற்கிறது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை
மகளுக்கு வலி கண்டதென்று
ராக்கு திருமயம் பஸ் ஏறியிருக்கிறாள்.
என்னிடம் சொல்லவில்லை.
எட்டு நாற்பதுக்கு ஒன்பது பேரும் அண்ணாந்தோம்.

ஜன்னலில் எங்களைப் பார்த்தோம்.
கோயம்புத்தூர்த் தம்பதி, புதுச்சேரியிலிருந்து வந்த நால்வர்,
தூக்கக் கலக்கத்தில் ஒரு பையன், அவன் அப்பா,
பின்னால் கூலிக்கு வந்தவன்போல் நான்.
முகமெல்லாம் சுண்ணாம்பு பூசினமாதிரி,
கையில் கையில் ஒரு நெருப்பு,
மாடியில் நின்று
எங்களையே குனிந்து பார்த்தோம்.

யாரோ "முருகா" என்றார்கள்.
பிறகு நாங்கள் கொஞ்சம் சாய்ந்தோம், ஆடினோம்,
எங்களுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார்.
நெஞ்சில் ஒரு நீல வெளிச்சம்
துடித்துத் துடித்து நின்றது.
"ஆத்மா" என்றார் கோயம்புத்தூர்க்காரம்மா.
சட்டைப்பையில் போன். சைலண்டில் இருந்திருக்கும்.

பெல்ஜியம் கண்ணாடி, ஆள் உயரம்.
தூக்கிப்போனது அடைக்கப்பன்.
நாற்பத்தெட்டில் ஒருத்தர், அம்பத்தூரில் டைல்ஸ் கடை.
தை மாசம் படைப்புக்கு வந்தபோது
பெட்ரோலுக்கென்று என்னிடம் முந்நூறு வாங்கியவர்.

மனுஷன் நின்றார் பாருங்கள்,
மூச்சு விடாமல், கண் கொட்டாமல்.
ராக்குகூட ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

திருடன் என்று கத்தியிருக்கலாம்.
தன் வீட்டில் தன் பங்கை எடுக்கிறவனுக்கு
என்ன பெயரென்று யோசித்தேன்.
டார்ச்சை அணையுங்கள் என்றேன்,
ஆவிக்கு வெளிச்சம் ஆகாது.

அணைத்தார்கள்.
மரப்படி ஒவ்வொன்றாக முனகியது.
ஏதோ கதவில் இடித்தது, ஒரு கெட்ட வார்த்தை.
பின்தெருவில் இருமிக்கொண்டு வண்டி கிளம்பியது.
"பேய்க்கு டாடா ஏஸா?" என்றான் பையன்.
அவன் அப்பா தலையில் ஒன்று வைத்தார்.
அன்றைக்கு மட்டும் டிப்ஸ் ஆயிரத்து எழுநூறு.

மூன்றாம் நாள் காரைக்குடியில்
பழஞ்சாமான் கடை வாசலில்
அண்டாவுக்கும் தொட்டிலுக்கும் நடுவே
அதைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.
பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள்
தலை வாரிக்கொண்டு போனார்கள்.
முப்பத்தெட்டாயிரமாம்.

ராக்கு பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.
"போன சனிக்கிழமை நல்லா நின்னேனாமே,
ஊரெல்லாம் பேச்சு. காசு?"
கொடுத்தேன். கொடுக்காமல் என்ன சொல்ல?

இப்போது நிற்க மாட்டேன் என்கிறாள்.
கண்ணாடி மாட்டியிருந்த இடத்தில்
சுவர் ஆள் உயரத்துக்கு வெளுத்துக் கிடக்கிறதாம்,
முதுகுக்குப் பின்னால் யாரோ இருக்கிறமாதிரியே இருக்கிறதாம்.

நூறு கேட்கிறாள்.